நீலம் படிந்த டிராகுலா: ஒரு மறுசீரமைப்பும் பார்வையாளர்களின் பிணக்கும்

1958 மே மாதம் திரைக்கு வந்த, ஹாமர் என்ற பிரிட்டிஷ் படநிறுவனத்தின் 'டிராகுலா'வை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. எத்தனை நிறங்களில் பார்த்திருக்கிறேன் என்று கேட்டால் சொல்லிவிடுவேன்: மூன்று. முதலில் தொலைக்காட்சியில். இரவுக் காட்சிகள்கூடப் பட்டப்பகல் போல வெளிறிக் கிடந்த பிரதி அது. அப்புறம் 2013-ல் வந்த ப்ளூ-ரே. கோட்டைச் சுவர், மேஜை விரிப்பு, மனிதர்களின் முகம் எல்லாவற்றின் மேலும் மெல்லிய நீலம் படிந்திருந்தது. கடைசியாக 2018 இறுதியில் வந்த இன்னொரு ப்ளூ-ரே. அதில் கன்னங்களுக்கு ரத்த ஓட்டம் திரும்பியிருந்தது. மூன்றிலும் அதே கதை, அதே நடிகர்கள், அதே இசை. ஆனால் பார்த்து முடித்து விளக்கைப் போட்டபோது மனதில் மிஞ்சிய பயம் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது.

பழைய திகில் படம் ஒன்றைச் சீர்செய்து மறுபடி வெளியிட்டால் பார்வையாளர்கள் எதற்கு மகிழ்கிறார்கள், எதற்குக் கொதிக்கிறார்கள் என்று புரிந்துகொள்ள இந்தப் படத்தின் வரலாறு போதும். ஏனென்றால் இங்கே பாராட்டும் கோபமும் ஒரே டிஸ்க்கின் மேல் விழுந்தன. அரை நூற்றாண்டுக்கு மேல் காணாமல் போயிருந்த காட்சிகளைத் தேடிக் கொண்டுவந்தார்கள் என்று கொண்டாடியவர்களில் பலரே, படத்தின் நிறத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்றும் வருந்தினார்கள். அந்த இரண்டு உணர்ச்சிகளும் எனக்கும் உண்டு.

படத்தின் நிறம் ஏன் இவ்வளவு முக்கியம்

இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் இருந்த பிரே ஸ்டுடியோவில் 1957 நவம்பரில் படப்பிடிப்பு தொடங்கியது. சுமார் 81,000 பவுண்டு செலவில் முடித்த சிறிய படம். டெரன்ஸ் ஃபிஷர் இயக்கம், ஜிம்மி சாங்ஸ்டர் திரைக்கதை, ஜேம்ஸ் பெர்னார்டு இசை. டிராகுலாவை வேட்டையாடும் வான் ஹெல்சிங்காக பீட்டர் குஷிங், டிராகுலாவாக கிறிஸ்டோபர் லீ. லீ பேசும் வசனமெல்லாம் ஆரம்பத்தில் ஹார்க்கர் என்ற விருந்தாளியைத் தன் கோட்டைக்கு வரவேற்கும் காட்சிகளோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு படம் முடியும் வரை அவர் வாய் திறந்து ஒரு சொல் பேசமாட்டார். கண், பல், உயரம், நடை, மேலங்கியின் சுழற்சி இவை மட்டும்தான். இப்படி ஒரு கதாபாத்திரத்தைக் கண்ணால் மட்டுமே அறிகிறோம் என்றால், அந்தக் கண்ணுக்கு என்ன நிறம் காட்டப்படுகிறது என்பது சின்ன விஷயமாக இருக்க முடியாது.

அதோடு, இந்தக் கதையின் புகழ்பெற்ற ஹாலிவுட் படம் 1931-ல் கறுப்பு வெள்ளையில் வந்தது. ஹாமர் செய்த துணிச்சல் வண்ணம். தொடக்க எழுத்துகள் முடியும் இடத்தில் கேமரா கல்லறைப் பெட்டியின் மேல் பொறித்த 'டிராகுலா' என்ற பெயரை நெருங்கும். அந்தப் பெயரின் மேல் பளீரென்ற சிவப்பு ரத்தம் சொட்டும். இது எந்த மாதிரிப் படம் என்று அந்த ஒரே ஷாட்டில் சொல்லிவிடுகிறார்கள். ஒளிப்பதிவாளர் ஜாக் ஆஷர் விளக்குகளுக்கு முன்னால் வண்ண ஜெல் தாள்களை வைத்துப் படம் பிடிப்பதில் பேர்போனவர். அந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்ற தர்க்கத்தைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்படவில்லை. சுவரின் ஒரு மூலையில் பச்சை, திரைச்சீலையின் மடிப்பில் ஊதா என்று ஒவ்வொரு ஃப்ரேமையும் ஓவியம் போலத் தீட்டினார். அதற்கு நேரம் பிடித்தது, செலவும் ஆனது. பிற்பாடு ஹாமர் அவரை விட்டு விலகியதற்கு அதுவே காரணம் என்று சொல்வார்கள்.

இவ்வளவு கவனமாகத் தீட்டிய ஒன்றின் மேல் ஒரே சாயத்தைப் பூசினால் என்ன ஆகும்? பார்வையாளர்கள் கேட்டது இதைத்தான்.

டோக்கியோவில் கிடைத்த நான்கு ரீல்கள்

முதல் சீரமைப்பை பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் செய்து, 2007-ல் பிரிட்டன் திரையரங்குகளில் மறுவெளியீடு செய்தது. அமெரிக்காவுக்காக வைத்த 'ஹாரர் ஆஃப் டிராகுலா' என்ற தலைப்பு போய், 'டிராகுலா' என்ற பிரிட்டிஷ் தலைப்பு அட்டை திரும்ப வந்தது. இதைப் பற்றிப் பெரிய சச்சரவு எழவில்லை.

ஆனால் ரசிகர்களிடையே ஒரு வதந்தி பல பத்தாண்டுகளாக உலவிக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் தணிக்கையாளர்கள் வெட்டியெறிந்த சில துண்டுகள் ஜப்பானியப் பிரதியில் அப்படியே இருக்கின்றன என்பதே அது. வதந்திக்கு ஆதாரமும் இருந்தது. டிராகுலா தன் முகத்தைத் தானே பிய்த்துக்கொள்ளும் ஒரு ஸ்டில் புகைப்படம் பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் சுற்றி வந்தது. அந்தக் காட்சி படத்தில் எங்கே என்று தேடியவர்களுக்கு விடை கிடைக்கவில்லை.

2011-ல் விடை கிடைத்தது. ஜப்பானில் வசித்த ஒரு பிரிட்டிஷ் ரசிகரின் விடாமுயற்சியால், டோக்கியோ தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தின் திரைப்பட மையத்தில் இந்தப் படத்தின் பிரதி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. முழுப் பிரதி அல்ல. 1984-ல் அந்த மையத்தில் நடந்த தீ விபத்தில் முதல் ஐந்து ரீல்கள் போய்விட்டன. ஆறு முதல் ஒன்பது வரையிலான ரீல்கள் மட்டும் அடிபட்டு, கறைபட்டு மிஞ்சியிருந்தன. தேடிய காட்சிகள் படத்தின் பிற்பகுதியில் வருபவை. தீ வேறு பக்கமிருந்து பிடித்திருந்தால் இன்றைக்கும் நாம் அந்த ஒரே ஸ்டில்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் நடுக்கமாக இருக்கும்.

அந்த ரீல்களில் இருந்து எடுத்த துண்டுகளை 2007 சீரமைப்போடு சேர்த்து ஹாமர் 2012-ல் புதிய பிரதியை உருவாக்கியது. அந்த ஆண்டு பிப்ரவரியில் லண்டனில் அது திரையிடப்பட்டது. 2013 மார்ச்சில் பிரிட்டனில் ப்ளூ-ரே வந்தது.

சேர்ந்த காட்சிகளைப் பற்றிச் சொன்னது

சேர்த்தவை சில ஷாட்கள்தான், விநாடிக் கணக்கில் அளக்க வேண்டியவை. இரண்டு இடங்களில் அவை வருகின்றன.

ஒன்று, டிராகுலா குறிவைக்கும் மீனா என்ற பெண்ணின் படுக்கையறை. பழைய பிரதியில் டிராகுலா உள்ளே வருவார், அவளை நெருங்குவார், காட்சி சட்டென்று முடிந்துவிடும். புதிய பிரதியில் அவர் முகம் அவள் முகத்தின் மேல் மெதுவாக, கிட்டத்தட்ட உரசிக்கொண்டு நகர்கிறது. அவசரமே இல்லை. அவள் தடுப்பதில்லை. 1958-ன் தணிக்கையாளர்களை உறுத்தியது ரத்தத்தைவிட இந்த நெருக்கம்தான் என்று நினைக்கிறேன். பார்வையாளர்கள் பலரும் இந்தத் துண்டை மனதார வரவேற்றார்கள். மீனாவாக நடித்த மெலிசா ஸ்டிரிப்ளிங் இதற்கு முன்பே ஒரு காட்சியில் விடிகாலையில் வீடு திரும்பி, கணவனிடம் எதையோ மறைத்துக்கொண்டு புன்னகைப்பார். அந்தப் புன்னகைக்குப் பின்னால் இருப்பது என்ன என்று இப்போது கண்ணால் பார்க்கக் கிடைத்தது. பேசாத டிராகுலாவுக்கு இப்படி ஒரு ஷாட் கூடுவது, வேறொரு நடிகருக்கு ஒரு பக்க வசனம் கூடுவதற்குச் சமம்.

இரண்டாவது, க்ளைமாக்ஸ். வான் ஹெல்சிங் நீளமான மேஜையின் மேல் ஓடித் தாவி, திரைச்சீலையைப் பிடித்து இழுத்து, உள்ளே சூரிய ஒளியை விழ வைக்கிறார். இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைக் குறுக்காகப் பிடித்துச் சிலுவையாக்கி டிராகுலாவை ஒளிக்குள் தள்ளுகிறார். காலும் கையும் சாம்பலாகின்றன. புதிய பிரதியில் இதற்கிடையே அந்தப் பழைய ஸ்டில் அசையத் தொடங்குகிறது. விரல்கள் கன்னத்தில் பதிந்து கீழே இறங்க, தோல் கூடவே உரிந்து வருகிறது.

இங்கே கருத்து பிரிந்தது. சிலருக்கு இது வாழ்நாள் ஆசை நிறைவேறிய தருணம். சிலர், படம் அடிபட்ட ரீலுக்கு மாறும் இடம் பளிச்சென்று தெரிகிறது, கூர்மை குறைகிறது, அது கவனத்தைக் கலைக்கிறது என்றார்கள். இன்னும் சிலர், இது இல்லாமலேயே க்ளைமாக்ஸ் நன்றாகத்தான் இருந்தது, நாம் கற்பனை செய்து வைத்திருந்த காட்சி இதைவிடப் பயங்கரமாக இருந்தது என்றார்கள். கடைசியாகச் சொன்னவர்களின் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஐம்பது வருடம் காத்திருந்தால் எந்த ஷாட்டும் மனதில் வளர்ந்துவிடும். ஆனால் அதை அவர்கள் சீரமைத்தவர்கள் மேல் போடுவது சரியில்லை. தரம் மாறித் தெரிவதைப் பற்றி எனக்குத் துளியும் புகார் இல்லை. தீயிலிருந்து தப்பிய பொருள் தீயிலிருந்து தப்பியது போலத்தான் இருக்கும்.

இதை 1973-ன் திகில் படமான 'தி எக்ஸார்சிஸ்ட்'டின் 2000-ஆம் ஆண்டு மறுவெளியீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். அங்கே பத்து நிமிடத்துக்கு மேல் சேர்த்தார்கள். முடிவின் தொனி மென்மையானது. முதலில் இல்லாத டிஜிட்டல் முகங்கள் இருட்டில் மின்னி மறைந்தன. அதில் பிடிக்காமல் போனவர்கள் "படம் மாறிவிட்டது" என்றார்கள், அது நியாயம். 1973-ல் அந்த இயக்குநரே வேண்டாம் என்று விட்டவை அதில் பல. 'டிராகுலா'வில் சேர்ந்தவை ஃபிஷர் எடுத்து, தொகுத்து, ஒரு நாட்டின் திரையரங்குகளில் ஓடியவை. பிடுங்கியதைத் திரும்ப வைத்தார்கள். சேர்ப்பு என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அழைப்பது எனக்கு உடன்பாடில்லை.

நீலம்

இப்போது சண்டைக்கு வருவோம்.

2013 ப்ளூ-ரேயைப் போட்டதும் பலர் முதலில் தங்கள் தொலைக்காட்சியின் அமைப்பைத்தான் சந்தேகப்பட்டார்கள். படம் இருட்டாகவும் நீலமாகவும் இருந்தது. தோலில் இளஞ்சூடு இல்லை. பழுப்பு மரச்சாமான்கள் சாம்பல் பூசிக்கொண்டன. ஆஷரின் பச்சையும் ஊதாவும் பின்வாங்கி, எல்லாம் ஒரே குடும்பத்து நிறங்களாகிவிட்டன. சிவப்பு இருந்தது, ஆனால் அடங்கிய சிவப்பு. இன்றைய திகில் படங்களில் வழக்கமாகிப்போன குளிர்ந்த சாயலைப் பழைய படத்தின் மேல் ஏற்றிவிட்டார்கள் என்பது முக்கியமான குற்றச்சாட்டு.

மறுபக்கத்தில் இருந்தவர்களின் வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்தப் படத்தின் வெளிப்புற இரவுக் காட்சிகள் பல பகலில் எடுத்தவை. பகலில் எடுத்து, பிரிண்ட் போடும்போது இருட்டாக்கி நீலச் சாயல் கொடுத்து இரவாக்குவது அக்காலத்து வழக்கம். தொலைக்காட்சிக்கும் வீடியோவுக்கும் மாற்றியவர்கள் அந்த இருட்டை எடுத்துவிட்டார்கள். அதனால் கல்லறைத் தோட்டத்தில் நள்ளிரவு என்று சொல்லும் காட்சியில் வெயில் அடித்தது. நான் முதலில் பார்த்த பிரதியும் அப்படித்தான். அதில் வளர்ந்த கண்ணுக்கு, சரியான இரவுகூட "ரொம்ப இருட்டு" என்றுதான் படும். ஆகவே புகார் சொல்கிறவர்கள் பழக்கத்தைப் பாதுகாக்கிறார்கள், படத்தை அல்ல என்று இவர்கள் சொன்னார்கள்.

இதற்கு இணையான பழைய கதை ஒன்றும் உண்டு. 1922-ன் 'நோஸ்ஃபெராட்டு'வை உலகம் நெடுங்காலம் வெறும் கறுப்பு வெள்ளையில் பார்த்தது. அதில் ரத்தக்காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பான். அது என்ன கூத்து என்று பலர் சிரித்தார்கள். உண்மையில் அந்த ரீல்கள் நீலச் சாயம் ஏற்றியவை, அதாவது இரவு. சாயத்தோடு சீரமைத்த பிறகுதான் கதை நேரானது. அங்கே நீலம் படத்தைக் காப்பாற்றியது. அப்படியிருக்க இங்கே மட்டும் ஏன் நீலத்தைப் பழிக்க வேண்டும் என்பது நல்ல கேள்வி.

என் பதில் இது. இரவுக் காட்சியில் நீலம் இருப்பதில் யாருக்கும் சிக்கல் இல்லை. அது வரவேற்பறைக்குள்ளும், மெழுகுவர்த்தி எரியும் மேஜைக்கும், பகல் வெளிச்சத்துக்கும் பரவியதுதான் சிக்கல். படத்திலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஹார்க்கர் கோட்டையை நோக்கி நடந்து வரும்போது தன் நாட்குறிப்பை நமக்குச் சொல்கிறார். பிற்பகல் வெயிலின் கதகதப்பில் கோட்டை தீங்கில்லாததாகத் தெரிந்தது, ஆனால் பறவைகள் பாடவில்லை என்கிறார். மரப்பாலத்தைத் தாண்டி வாசலுக்குள் நுழைந்ததும் திடீரென்று குளிர்ந்தது என்கிறார். முதலில் கதகதப்பு, அப்புறம் குளிர். இந்த மாற்றம்தான் படத்தின் முதல் பயம். நான் இரண்டு டிஸ்க்குகளையும் அடுத்தடுத்து ஓடவிட்டு இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 2013 பிரதியில் அவர் பாலத்துக்கு வரும் முன்பே குளிர் வந்துவிடுகிறது. காதில் விழும் சொல்லும் கண்ணில் படும் நிறமும் ஒத்துப்போகவில்லை. பாலத்தைத் தாண்டியபின் கூடுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

"1958-ல் அப்படித்தான் இருந்தது" என்று நினைவை மட்டும் வைத்து வாதிட்டவர்களோடு எனக்கு முழு ஒப்புதல் இல்லை. நிறத்தைப் பற்றிய நினைவு நம்பகமானதல்ல. அந்தக் காலத்து ஈஸ்ட்மன்கலர் பிரிண்ட்கள் வருடங்கள் போகப்போகச் சாயம் வெளுத்து இளஞ்சிவப்பாகும். அப்படி வெளுத்த பிரிண்ட்டைப் பார்த்தவர்களின் மனதில் இருப்பது வெளுப்புதான். ஆனால் டெக்னிகலரின் சாய அச்சு முறையில் போட்ட பிரிண்ட்கள் அப்படி வெளுப்பதில்லை. ஒரு படம் வெளியான நாளில் எப்படி இருந்தது என்பதற்கு இன்று மிஞ்சியிருக்கும் மிக நேர்மையான சாட்சிகள் அவை. நிறத்தைப் பற்றிய எந்தச் சண்டையிலும் நான் முதலில் கேட்க விரும்புவது, எந்தப் பிரிண்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தினார்கள் என்பதுதான். அதை டிஸ்க்கிலேயே சொல்லிவிட்டால் பார்வையாளர்களின் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். நிறத்தைத் திருத்துகிறவர் ஒவ்வொரு ஷாட்டிலும் ஒரு முடிவெடுக்கிறார். அந்த முடிவுக்கு என்ன ஆதாரம் என்று கேட்பது பார்வையாளரின் உரிமை. நன்றி மறந்த பேச்சு என்று அதை ஒதுக்கக் கூடாது.

ஃபிலிம் துகள் (படத்தில் இயல்பாகவே தெரியும் பொடிப் புள்ளிகள்) அதிகம், கீறல் அங்கங்கே தெரிகிறது என்ற புகார்களும் வந்தன. அவற்றில் எனக்கு அக்கறை குறைவு. துகளைத் துடைத்தால் முகங்கள் மெழுகாகிவிடும்.

முதல் முறை பார்த்தவர்கள்

இந்தச் சண்டையில் சேராத ஒரு கூட்டம் உண்டு. மறுவெளியீட்டின் மூலம்தான் இந்தப் படத்தையே அறிந்தவர்கள். ஒப்பிட அவர்களிடம் பழைய பிரதி இல்லை. நீலமா, பழுப்பா என்பது அவர்களுக்குக் கேள்வியே இல்லை. நான் உட்கார வைத்துப் பார்க்கச் செய்த இளையவர்களிடம் பொதுவாகக் கண்டது, 82 நிமிடப் படத்தின் வேகம் அவர்களை ஆச்சரியப்படுத்தியதுதான். பழைய படம் என்றால் இழுக்கும் என்று எதிர்பார்த்து வருகிறார்கள். லீ கண் சிவந்து, வாயில் ரத்தத்தோடு கதவருகே தோன்றும் அந்த நெருக்கக் காட்சியில் இன்றைக்கும் உடல் விறைக்கிறார்கள். சிலர் ரத்தத்தின் பளீர் சிவப்பைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறார்கள். 2013 பிரதியில் சிரிப்பு குறைவு என்று நான் கவனித்ததை மறைக்க மாட்டேன். குளிர்ந்த சாயல் அவர்கள் பழகிய படங்களின் சாயல். ஆனாலும் அந்தச் சிரிப்புக்காக நிறத்தை மாற்றுவதை என்னால் ஏற்க முடியாது. பளீரென்ற அந்தச் சிவப்பைத் தெரிந்தேதான் வைத்தார்கள். முதலில் சிரித்தவர்களே கடைசி ரீலில் அமைதியாகிவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

2018-க்குப் பிறகு

2018 டிசம்பரில் பழைய படங்களை டிஸ்க்கில் வெளியிடும் வார்னர் ஆர்க்கைவ் அமெரிக்காவில் வெளியிட்ட ப்ளூ-ரே 2007 சீரமைப்பை அடிப்படையாகக் கொண்டது. நீலம் விலகியிருந்தது, முகங்கள் முகங்களாக இருந்தன. நிறத்துக்காக ஐந்து வருடம் வருந்தியவர்கள் நிம்மதி அடைந்தார்கள். ஆனால் அதில் ஜப்பானிய ரீல்களின் காட்சிகள் இல்லை.

ஆக, காட்சிகள் வேண்டுமானால் ஒரு டிஸ்க், நிறம் வேண்டுமானால் இன்னொரு டிஸ்க். பார்வையாளர்களின் மனக்குறையின் மையம் இதுதான். எது சிறந்தது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது: முதல் முறை பார்க்கிறீர்கள் என்றால் 2018. படத்தை ஏற்கனவே நேசிக்கிறீர்கள் என்றால் 2013-ஐயும் கட்டாயம் தேடிப் பிடியுங்கள். அதில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது. டோக்கியோவில் கிடைத்த ஆறு முதல் ஒன்பது வரையிலான ரீல்களை, எதையும் துடைக்காமல், திருத்தாமல், கிடைத்த கோலத்திலேயே கூடுதல் பகுதியாகச் சேர்த்திருக்கிறார்கள். அந்த வெளியீட்டின் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் இந்த ஒரு செயலுக்காக அதைச் செய்தவர்களை நான் மதிக்கிறேன். இதைப் பார், இதிலிருந்துதான் எடுத்தோம் என்று மூலத்தையே கையில் கொடுத்துவிட்டார்கள்.

நான் அடிக்கடி போட்டுப் பார்ப்பது அந்தப் பகுதியைத்தான். கீறல்கள் மழை போல ஓடும், ஓரங்களில் கறை ஊர்ந்து வரும், ஷாட்டுக்கு ஷாட் நிறம் தடுமாறும். ஒன்பதாவது ரீலில் திரைச்சீலை கிழிந்து வெயில் உள்ளே விழும்போது, தீயில் தப்பிய அந்த ஃபிலிமின் சிதைவும் டிராகுலாவின் சிதைவும் ஒரே இடத்தில் நடப்பது போல இருக்கும். கடைசியில் காற்று சாம்பலைத் தள்ளிக்கொண்டு போக, தரையில் மோதிரம் மட்டும் கிடக்கும்.